கழுத்துக் காப்போடு வில்லேஜ் ஆபீஸுக்குப் போனேன்

மாரியம்மன் பிள்ளைகள் எல்லோருக்கும் பேச்சியம்மாளின் கும்பிடு. போன சித்திரையில் அம்மன் எனக்குச் செய்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன்.

நான் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று சான்றிதழ் தர வில்லேஜ் ஆபீஸில் மறுத்துவிட்டார்கள். அங்கேதான் தொடங்கியது என் துன்பம். என் வீட்டுக்காரர் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. கேரளத்தில், ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்தெடுக்கிறேன். விதவைப் பென்ஷனுக்கு வருஷா வருஷம் அந்தச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். இந்த முறை மகள் கௌசல்யாவின் படிப்பு உதவிக்கும் அதையே கேட்டார்கள். அவள் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். உதவி கிடைத்தால் ஹாஸ்டலில் இருந்து படிப்பாள். கிடைக்காவிட்டால் படிப்பை நிறுத்திவிட்டு என்னோடு கொழுந்தெடுக்க வர வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

சான்றிதழ் மறுத்ததற்குக் காரணம் என் கழுத்தில் கிடந்த மஞ்சள் கயிறு. வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டும். திருவிழாவுக்கு நேர்ந்துகொண்டவர்கள் மற்ற ஊர்களில் கையில் காப்புக் கட்டுவார்கள். எங்கள் எஸ்டேட்டில் பெண்களுக்கு அது சரிப்படாது. பனி ஈரத்தில், தேயிலைச் செடிக்குள் கைவிட்டு வேலை செய்தால் இரண்டே நாளில் காப்பு அறுந்துவிடும். அதனால் கயிற்றில் மஞ்சள் கிழங்குத் துண்டு கோத்துக் கழுத்தில் கட்டிக்கொள்வோம். கட்டிய காப்பைத் திருவிழா முடிந்துதான் கழற்ற வேண்டும். கல்யாணமானவள், ஆகாதவள், கணவனை இழந்தவள் என்ற பேதம் இதில் கிடையாது.

மகள் படிப்புக்காக நேர்ந்து கட்டிய காப்பு அது. அதைப் பார்த்துத்தான் மலையாளியான வில்லேஜ் ஆபீசர் புதுத் தாலி என்று நினைத்துவிட்டார். நிதானமாக விளக்கியிருக்கலாம். ஆனால் என் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே. "என்னப் பாத்தா புதுப் பொண்ணு மாதிரியா இருக்கு?" என்று கத்திவிட்டேன். அவருக்கும் கோபம் வந்துவிட்டது. அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் நேரில் வந்து எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

கொழுந்து அதிகமாக வரும் காலம். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு எனக்காக யார் வருவார்கள்? கேட்கவும் கூச்சமாக இருந்தது. வீட்டுக்காரர் போனதிலிருந்து நான் யாரிடமும் எதற்கும் போய் நின்றதில்லை. பக்கத்து வீட்டு முத்துலட்சுமிக்கு மட்டும் விஷயம் தெரியும். அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள்: "மதினி, கயித்தக் கழட்டிட்டுப் போயி வாங்கிட்டு வந்துருங்க. ஆத்தா கோவிச்சுக்க மாட்டா."

வியாழன் காலை கத்தரிக்கோலைக் கையில் எடுத்தேன்.  பிள்ளைக்காகக் கட்டியதைப் பிள்ளைக்காகவே அறுப்பதா? கோயில் முன்னால் போய் நின்று அழுதேன். "தாயே, இதை நான் அறுக்க மாட்டேன். இப்படியே போகிறேன். மற்றதை நீ பார்த்துக்கொள்." நான் வேண்டிக்கொண்டது அவ்வளவுதான். பிறகு லீவு சொல்லிவிட்டு ஏலப்பாறை வில்லேஜ் ஆபீஸுக்கு பஸ் ஏறினேன்.

ஆபீசர் வெளியே போயிருந்தார். மதியம்வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு மணி வாக்கில் வானம் இருட்டிக்கொண்டு இடியும் மின்னலுமாக மழை பிடித்தது. மின்னல் வெட்டினால் எங்கள் மலையில் யாரையும் செடிக்குள் நிற்க விடமாட்டார்கள். அன்றும் வேலையை நிறுத்தி எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். கிடைத்த நேரத்தில் திருவிழாச் சாமான் வாங்கிவிடலாம் என்று ஏழு பெண்கள் ஜீப் பிடித்து ஏலப்பாறைக்கு இறங்கியிருக்கிறார்கள். நான் தனியாக வந்திருப்பதை முத்துலட்சுமி வழியில் சொல்லியிருக்கிறாள். நனைந்துகொண்டே அத்தனை பேரும் வராந்தாவில் ஏறினார்கள். 

ஆபீசர் திரும்பி வந்தபோது எட்டுக் கழுத்திலும் ஒரே மாதிரி மஞ்சள் கயிறு. அதில் ஒருத்தி இன்னும் கல்யாணமாகாத, கல்லூரிக்குப் போகும் பெண். அவர் ஒவ்வொருவராகப் பார்த்தார். முத்துலட்சுமி முன்னால் வந்து தன் தாலிச் சங்கிலியைத் தனியாக எடுத்துக் காட்டினாள்.

"சார், இது எங்க வீட்டுக்காரரு கட்டுனது. இந்தக் கயிறு ஆத்தாவுக்குக் கட்டுனது. மதினி கழுத்துல ஆத்தா கயிறு மட்டுந்தான் இருக்கு."

 அவர் என்னைப் பார்த்து, "சேச்சி, இது எனக்கு அறியில்லாயிருந்நு, தெரியாமப் போச்சு. அன்னைக்கே சொல்லக்கூடாதா?" என்றார். நானும் அன்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். இரண்டு சாட்சி கேட்டவருக்கு ஏழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். மாலைக்குள் சான்றிதழ் கைக்கு வந்தது. மறுநாள் விண்ணப்பம் கொடுத்தேன். திருவிழா முடிந்து ஞாயிற்றுக்கிழமை எல்லோரோடும் சேர்ந்து கோயிலில் காப்பைக் கழற்றினேன்.

பென்ஷன் நிற்கவில்லை. படிப்பு உதவியும் வந்தது. கௌசல்யா ஹாஸ்டலில்தான் இருக்கிறாள். வீட்டில் தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரும் பழக்கம் எனக்குப் போய்விட்டது. இப்போது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருக்குப் பென்ஷன் காகிதம் என்றாலும் நானும் கூடப் போகிறேன். வாயைக் கட்டத்தான் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.

கஷ்டத்தில் இருக்கும் சகோதரிகளே, தாயிடம் கேளுங்கள், தருவாள். கேட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுங்கள். எனக்கு அவள் அந்தக் கதவு வழியாகத்தான் வந்தாள்.