நாலு மாதக் குழந்தைக்குத் தோல் கையுறை

இன்று ஆம்பூரிலிருந்து வேலூர் வந்த பேருந்தில், பக்கத்து சீட்டில் ஒரு நாலு மாதக் குழந்தை. இரண்டு கையிலும் தோல் கையுறை.

நான் உற்றுப் பார்த்ததும் குழந்தையின் அப்பாவே சொன்னார். ஷூ கம்பெனியில் டெய்லராம்.

"எப்பப் பாரு கையச் சப்புதுக்கா. அதான் மிஞ்சின தோல்ல நானே தச்சேன்."

குழந்தை இப்போது கையுறையைச் சப்பிக்கொண்டிருந்தது.

"கை இருக்கறதே அதுக்கு இப்பதான் தெரிஞ்சிருக்கு, சப்பித்தான் பாக்கும், உட்டுடுங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க இல்ல? கெமிக்கல் போட்ட தோல வாயில வெக்கலாமா?" என்று அம்மா அதை உருவினார்.

குழந்தை நிம்மதியாக வெறுங்கையை வாய்க்குள் விட்டுக்கொண்டது.

அப்பா நனைந்த கையுறையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்ளோ சப்பியும் ஒரு தையல் பிரியல பாருக்கா."

உங்கள் வீட்டில் இதைவிடக் கறாரான குவாலிட்டி செக்கர் யாராவது உண்டா?