‘மலை லொறி’க்கு முகங்கள் வரைந்த சுகந்தி

சுகந்தி போய்விட்டாள். நேற்று மாலை, பதுளை ஆஸ்பத்திரியில். சிறுநீரகம்... கொஞ்ச நாளாகவே வார்டில்தான் இருந்தாள்.

‘மலை லொறி’ கேம் விளையாடிய உங்களில் பலருக்கு அவளைத் தெரியாது. அதில் பார்த்த முகமெல்லாம் அவள் வரைந்தது. கோட் எழுதியது நான். டீம் என்றால் அவ்வளவுதான். பதுளை பஸாரில், என் மாமாவின் போன் கடைக்கு மேல் ஒரு அறை.

தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறியைப் பனிமூட்டத்தில் ஃபெக்டரி வரை ஓட்டிப் போக வேண்டும். இதைச் செய்ய மூன்று வருஷம்! காரணம் இந்த மகராசிதான்.

ரோட்டோரம் கூடையோடு நிற்கும் பெண்களுக்கு ஒரே முகத்தைப் போட்டிருந்தால் எப்போதோ முடிந்திருக்கும். “எங்க லயத்துல எல்லாரும் ஒரே மூஞ்சியாவா இருக்காங்க? சும்மா இரு ரிஸ்வான்” என்பாள். ஞாயிறு வந்தால் கொஸ்லந்தையில் தன் தோட்டத்து வரிசை வீடுகளுக்குப் போய், ஒவ்வொருத்தராக உட்கார வைத்து வரைந்து வருவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கேம் வெளியானதும் அவளுடைய லயத்தில் ஒரு போனைச் சுற்றி ஒரு கூட்டம். யாரும் லொறியை ஒழுங்காக ஓட்டவில்லை... “இந்தா நான்! அங்க பாரு, நம்ம பாக்கியம்!” என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள்.

இரண்டாம் பாகத்தைக் கொழும்புக் கம்பெனி ஒன்று எடுத்தது. ஒரு மாடி நிறைய ஆட்கள். புது வருஷத்துக்குள் முடித்தாக வேண்டும். சக்கரம் ஒரு டீம், மரம் ஒரு டீம், மழை ஒரு டீம்.

“லொறி வளைவுல ஹோன் அடிக்கலயே?” என்று சுகந்தி கேட்டால், “அது மற்ற டீம், மிஸ்” என்பார்கள். அங்கே போனால் அவர்கள் வேறு டீமைக் காட்டுவார்கள்.

நல்ல பிள்ளைகள்தான். அவர்கள் செய்த மழையைப் பார்த்து அவள் சொக்கிப்போனாள். “நம்ம ரெண்டு பேரால இது ஜென்மத்துக்கும் முடியாது” என்றாள். நேரம்தான் இல்லை. அதனால் கூடைக்காரப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே முகம்.

அவளுடைய அம்மா கடைசி லெவல் வரை தேடிவிட்டு, “இதுல நான் எங்கடி?” என்று கேட்டாராம். அந்தக் கிழமையே சுகந்தி வேலையை விட்டாள். பின்னாலேயே நானும்.

கேம் எடுபடவில்லை. கம்பெனியும் ‘மலை லொறி’ என்ற பெயரை எங்களுக்கே திருப்பித் தந்துவிட்டது. மூன்றாம் பாகத்தை மறுபடியும் அதே அறையில் தொடங்கினோம்... அவசரமே இல்லாமல். வார்டில் படுத்துக்கொண்டும் வரைந்தாள். “இன்னும் பாதிப் பேர் இருக்காங்க” என்றுதான் கடைசியாகச் சொன்னாள்.

இன்று காலை கொஸ்லந்தைக்குப் போனேன். அவளுடைய அம்மா என் கையை விடவே இல்லை.

“தம்பி, எங்க எல்லாரையும் வரைஞ்சாளே... அதுல அவ இருக்காளாங்க?”

யோசித்துப் பார்த்தேன். முதல் பாகத்தில் இல்லை. இரண்டில் இல்லை. அவள் வரைந்து வைத்திருக்கும் மூன்றிலும் இல்லை.

“இல்லம்மா” என்றேன்.

போய் வா சுகந்தி. எனக்கு வரையத் தெரியாதே, பிள்ளை.