நாற்பத்தாறு வயதில் ஆறு கம்பி

கிட்டார் பழகும்போது முதல் மாதம் நமக்கு விரல் வலிக்கும், இரண்டாம் மாதம் பக்கத்து வீட்டுக்குத் தலை வலிக்கும். நாற்பதைத் தாண்டி அதைத் தூக்கியவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். நீங்களும் அந்தக் கூட்டம் என்றால் கொஞ்சம் உட்காருங்கள், நம் கஷ்டத்தை நாமே பேசிக்கொள்வோம். நான் மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். நான் பழகி நான்கு வருடம் ஆகிறது. பழகிய அந்த முதல் எட்டு மாதங்களை நினைத்தால் இப்போதும் இடது கை விரல்கள் தானாக மடங்குகின்றன.

மடியில் வந்தது

கல்லூரிக் காலத்தில் எங்கள் சர்ச் வாலிபர் சங்கம் வருடம் ஒருமுறை அழகர்கோவிலுக்குப் பிக்னிக் போகும். மலையடிவாரத்தில் அண்ணன்மார் கிட்டார் வாசிப்பார்கள், நாங்கள் கை தட்டுவோம். திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் நெரியும். நிற்பவர்கள் கையில் இருப்பதை உட்கார்ந்திருப்பவர் மடியில் கொடுப்பது நம் ஊர் வழக்கம்தானே. எனக்கு எப்படியோ சீட் கிடைத்துவிடும், கிட்டார் என் மடிக்கு வந்துவிடும்.

மூன்று வருடம், மூன்று பிக்னிக். ஒவ்வொரு முறையும் அதைத் தூங்குகிற பிள்ளையைப் போலப் பிடித்துக்கொண்டு வந்தேன். உறையின் ஜிப்பைத் திறந்து ஒரே ஒரு கம்பியைத் தட்டிப் பார்க்க அவ்வளவு ஆசை. கடைசி வருடம் கேட்டே விட்டேன். பஸ் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்த டேனியல் அண்ணன், கிட்டாருக்குச் சொந்தக்காரர், சிரித்தார். "அது கைய அறுத்துரும்மா. நீ பத்திரமா வச்சிக்க, அது போதும்."

வாயைக் கொடுத்தேன்

எங்கள் சர்ச்சில் வருடத்தில் ஒரு ஞாயிறு பெண்களுடையது. அன்று பிரசங்கம், வேதபாடம், காணிக்கை எடுப்பது எல்லாம் பெண்கள்தான். பாட்டுக்கு வாசிப்பவர் மட்டும் ஆண். வேறு யார், தலை நரைத்த அதே டேனியல் அண்ணன்தான். வெள்ளைச் சேலை கட்டிய முப்பது பெண்களுக்கு நடுவில் அவர் ஒருவர் பேண்ட் போட்டு உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் புகையும்.

அந்த வருடம் மாதர் சங்கக் கூட்டத்தில் தலைவி ரூத் அக்கா, "பாட்டுக்கு வழக்கம்போல டேனியல் தம்பி" என்று நோட்டில் எழுதப்போனார். "இந்த வருசம் நான் வாசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். அப்போது எனக்குக் கிட்டாரில் எத்தனை கம்பி என்பது மட்டும்தான் தெரியும். ரூத் அக்கா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "நல்லா யோசிச்சுக்க எஸ்தர். எழுதிட்டா அழிக்க மாட்டேன்."

சக மாணவி

ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் வகுப்பு. வாத்தியார் இம்ரான் என் மூத்த மகளைவிட ஒரு வயது சின்னவர். என்னோடு படித்த ஏழு பேரும் பள்ளிப் பிள்ளைகள். அதில் ஒருத்தி என் ஆறாம் வகுப்புக் கீர்த்தனா. தசமப் புள்ளியை இடம் மாற்றி வைத்ததற்காக அந்த வாரம்தான் அவளை எழுந்து நிற்க வைத்திருந்தேன்.

கார்டு என்று ஒன்று இருக்கிறது. பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் பிடி. ஒரு பிடியிலிருந்து அடுத்ததற்கு நான் ஒவ்வொரு விரலாகப் பார்த்து வைப்பதற்குள் பாட்டு தெருமுனையைத் தாண்டியிருக்கும். கீர்த்தனா கண்ணை மூடிக்கொண்டே மாற்றினாள். பிறகு என் பக்கம் குனிந்து, வகுப்பில் நான் கேட்கும் அதே குரலில் கேட்டாள். "மிஸ், வீட்ல போட்டுப் பாத்தீங்களா, இல்ல இங்க வந்துதான் பாக்குறீங்களா?"

ரேகை

நான்காம் மாதம் இடது கை விரல் நுனிகள் காய்த்துப்போயின. கிட்டார் பழகுகிறவர்களுக்கு அது மெடல் மாதிரி. அந்தப் பெருமையோடு ரேஷன் கடைக்குப் போனேன். எப்போதும் இடது ஆள்காட்டி விரலைத்தான் வைப்பேன். மெஷின் ஏற்கவில்லை. அடுத்த விரல், அதற்கடுத்த விரல், எதையும் ஏற்கவில்லை. பின்னால் வரிசை முனக ஆரம்பித்தது. கடைக்காரர் என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு உண்மையான கவலையோடு கேட்டார். "டீச்சர் வேலைன்னுதான சொன்னீக? லீவு நாள்ல கெணறு வெட்டப் போறீகளா?"

வளையல்

வலது கை கம்பிகள்மேல் ஏறி இறங்கும்போது வளையல்கள் சலசலக்கும். இம்ரான் கழற்றச் சொன்னார். கழற்றினேன், தாளம் போய்விட்டது. போட்டுக்கொண்டேன், தாளம் வந்துவிட்டது. நான்கு முறை கழற்ற வைத்து, மாட்ட வைத்துப் பார்த்தார். என் கை வளையலின் சத்தத்தை வைத்துத்தான் எண்ணுகிறது என்று இருவருக்கும் புரிந்தது. அந்த மாடியில் இப்போது செல்போன் ரிப்பேர் கடை. அந்தப் பக்கம் போனால் ஒருமுறை நிமிர்ந்து பார்க்காமல் இருக்க முடிவதில்லை. அன்று இம்ரான் பெருமூச்சு விட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "போட்டுக்கங்க மேடம். ஆனா ரெக்கார்டிங்னு எங்கயும் போயிராதீங்க."

அந்த ஞாயிறு

எஃப் கார்டு என்றால் தெரிந்தவர்களே தள்ளி நின்று கும்பிடுவார்கள். ஆள்காட்டி விரல் ஒன்றே ஆறு கம்பியையும் அழுத்த வேண்டும். முந்தின நாள் ஒத்திகைவரை எனக்கு அது வரவில்லை. காலையில் சர்ச்சுக்குள் நுழையும்போது டேனியல் அண்ணன் காரின் பின்சீட்டில் கிட்டார் இருந்ததைப் பார்த்தேன். எதற்கு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு சரணம் நன்றாகவே போனது. மூன்றாவதில் எஃப் வந்தது, விரல் வழுக்கியது, கம்பிகள் செத்துப்போயின. மூன்றாவது வரிசையில் டேனியல் அண்ணன் பாதி எழுந்துவிட்டார். நிறுத்தினால் அந்த ஞாயிறு மறுபடியும் அவருடையது. இடது கை கைவிட்டாலும் வலது கையை நான் நிறுத்தவில்லை. சத்தமில்லாத கம்பிகள்மேல் வளையல் மட்டும் ஜல் ஜல் என்று போனது. ரூத் அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தார், அந்தத் தாளத்தைப் பிடித்துப் பாடினார். முப்பது பேரும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு சரணம் முழுக்க வளையலிலேயே ஓடியது. பல்லவிக்குத் திரும்பும்போது விரல்களும் வந்து சேர்ந்தன. டேனியல் அண்ணன் உட்கார்ந்துவிட்டார்.

ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் நின்று வெட்கமில்லாமல் அழுதேன். டீ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். டேனியல் அண்ணன் நேராக வந்து என் தோளிலிருந்து கிட்டாரைக் கழற்றித் தன் இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டார். "போயி டீ குடிச்சிட்டு வாம்மா. அதுவரைக்கும் நான் பத்திரமா வச்சிருக்கேன்."

பெண்கள் ஞாயிறு அதன்பிறகு வருடம் தவறாமல் என்னுடையதாகத்தான் வருகிறது, எஃப் கார்டு மட்டும் இன்னும் வரவில்லை, அதற்குப் பதிலாக வருடத்துக்கு ஒரு வளையல் கூட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.