கடைசி எழுத்துக்கு ஒரு காபி

பெங்களூருக்கு வந்த புதிதில் என்னைத் திகைக்க வைத்தது, இங்கே நடந்தே வெளிநாடு போகலாம் என்பதுதான். நான் இருக்கும் கண்டோன்மென்ட் வெள்ளைக்கார சர்க்காருடையது. கொஞ்ச தூரம் நடந்தால் மைசூர் மகாராஜாவின் ராஜ்யம். ஆரணியில் ஊர் எல்லையைத் தாண்டினாலும் அதே தாசில்தார்தான். இதை ஊருக்கு எழுதியபோது அண்ணா நம்பவில்லை.

யுத்தம் வந்து பல தேசத்துச் சிப்பாய்களும் தெருவில் திரிந்த வருஷம், ‘இன்டர்நேஷனல்’ என்ற சொல் எல்லோரையும் பிடித்துக்கொண்டது. தையல் கடையும் சவரக் கடையும்கூட இன்டர்நேஷனல் ஆயின. அல்சூரில் நான் தினமும் காபி குடிக்கும் ஓட்டல்காரர் ராவ் மட்டும் விடுவாரா? இங்கிலீஷில் பலகை எழுத, பக்கத்து ஜோகுபாளையத்துச் சின்னப்பனைக் கூப்பிட்டார். வாணியம்பாடிப் பக்கத்துச் சேரியிலிருந்து வந்து குடியேறியவர் சின்னப்பன். அவரைப் போன்றவர்களுக்கென்று வாசல் ஆணியில் ஒரு தகர டம்ளர் தொங்கும். வாங்கி, நின்றபடி குடித்து, தாமே கழுவி மாட்டிவிட்டுப் போக வேண்டும். உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து நானும் அதை வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

“சார், இந்த வார்த்தைக்கு என்னா அர்த்தம்?” என்று ஏணியிலிருந்தே கேட்டார் சின்னப்பன்.

“எல்லா தேசத்துக்கும் பொதுன்னு அர்த்தம். பேப்பர்ல சர்வதேசம்னு போடறான் பாரு, அதான்.”

“ஜோகுபாளையம் அதுல சேத்தியா சார்?”

நான் சிரித்து மழுப்பினேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் பலகையில் கடைசி எழுத்தைத் தவிர எல்லாம் பளபளத்தன. ராவ் பதறிப்போனார்.

“ஏனப்பா, கடைசி அட்சரம் எங்கே?”

“இருக்குது சாமி. உள்ள உக்காந்து ஒரு காபி குடிச்சிட்டு எழுதறேன்.”

“சும்னே தகராறு பண்ணாதே. உள்ளே இருக்கறவங்க எழுந்து போயிட்டா?”

ராவ் பெஞ்சைப் பார்த்தார். பெஞ்சில் இருந்தது நான். முந்தின நாள் அதே பெஞ்சில் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயும் ஒரு கறுப்புச் சிப்பாயும் உட்கார்ந்து தோசை தின்றபோது நான் எழுந்து போகவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு முழம் நகர்ந்து, “வாங்க, உக்காருங்க” என்றேன். அத்தனை நாளும் அவரை வா, போ என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்.

ராவ் அரைகுறைப் பலகையை அண்ணாந்து பார்த்தார். பிறகு உள்ளே போய், எல்லோருக்கும் தரும் பித்தளை டம்ளரில் தாமே காபி கொண்டுவந்து வைத்தார். காதில் தூரிகையைச் செருகிக்கொண்டு சின்னப்பன் அதை மெள்ள மெள்ளக் குடித்தார். அப்புறம் ஏணியில் ஏறி எழுத்தை முடித்தார். அவ்வளவு அழகான ‘எல்’ அந்தத் தெருவிலேயே இல்லை.

பொங்கலுக்கு ஆரணி போனபோது இதை வீட்டில் பெருமையாகச் சொன்னேன். அண்ணா பஞ்சாங்கத்தைப் புரட்டினார். மறுநாள் காலை எனக்கு வேறொரு டம்ளரில் காபி வந்தது. “குடிச்சிட்டு அப்படியே கிணத்தடியில கழுவி வெச்சிடுங்க” என்றாள் அண்ணி, முகத்தைப் பார்க்காமல். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, விழுங்கிக்கொண்டேன். சின்னப்பன் இத்தனை வருஷம் விழுங்கியதில் அது ஒரு மிடறுகூட இராது.

அம்மா என் பெயர் வெட்டிக் கொடுத்த டம்ளர் ஆரணியில் சமையலறை அலமாரியில் இருக்கிறது. நான் அல்சூரில், யார் யாரோ குடித்த டம்ளரில் குடித்துக்கொண்டிருக்கிறேன்.