லுட்கார்டின் இடது தோள்

லுட்கார்டின் இடது தோள் வலது தோளைவிட மூன்று விரற்கடை தாழ்ந்திருக்கும். இருபத்தாறு வருடம் தபால் பையைச் சுமந்து லையே ஆற்றங்கரைத் தெருக்களில் சைக்கிள் மிதித்த தோள் அது. ஓய்வு பெற்றதும் எங்கள் ஊர் ஓவியப் பள்ளியில் மாடலாக நிற்க வந்தாள். துணியில்லாமல் நிற்கிறாளாம் என்று ஊரே வாய்க்கு வந்தபடி பேசியது.

"பேசட்டும். அவங்க வீட்டுக் கடுதாசியெல்லாம் கொண்டுபோய்க் குடுத்தவ நான். யாரு யாருக்கு எழுதுனாங்கன்னு நானும் பேசட்டுமா?" என்றாள். ஊர் வாயை மூடிக்கொண்டது.

ஒன்பது வருடம் மேடையில் ஆடாமல் அசையாமல் நின்றே பாடம் முழுவதையும் கற்றுக்கொண்டாள். கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலால் அளப்பது. கைக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தை முதலில் வரைவது. இடைவேளையில் அங்கியைப் போர்த்திக்கொண்டு, காபியோடு எங்கள் பலகைகளைச் சுற்றி வருவாள். தாளில் மட்டும் கை வைக்க மாட்டாள். "தலை அழகா வந்திருக்கு கிரீட். என் முழங்கால் எங்க, பஸ் ஏறிப் போயிடுச்சா?" என்பாள். ரொட்டிக்கடையில் மாவு பிசைகிற எனக்கு வரைய வந்ததென்றால் அவளால் வந்தது.

வாத்தியார் கொப்பன்ஸ் திருத்துவது நம் தாளின்மேலேயே, தன் கரித்துண்டால். அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும், அதுதான் வழக்கம். எனக்கு அன்றும் பற்றிக்கொண்டு வந்தது, இன்றும் வருகிறது. "தெரிஞ்சதை வரையாதே, பாக்கிறதை வரை" என்று வாரம் தவறாமல் முழங்குகிற அந்த மனிதர், மார்ச்சில் ஒரு சனிக்கிழமை காலை, நான் வரைந்த இடது தோளை அழித்து, வலது தோளுக்குச் சமமாக ஏற்றி வைத்தார்.

"சமநிலைதான் முதல் பாடம். ரெண்டாம் வருசத்துலயும் இதைச் சொல்லணுமா?"

லுட்கார்ட் மேடையிலிருந்து இறங்கினாள். நிற்கும் நேரத்தில் மாடல் அசையக் கூடாது, பேசக் கூடாது. அவள் அங்கியைக்கூட எடுக்காமல், நீள அளவுகோலை எடுத்துத் தன் இரண்டு தோள்களின்மேல் வைத்தாள். அது இடப்பக்கமாகச் சறுக்கி விழுந்தது.

"பாத்தீங்களா சார்? கிரீட் பாத்துத்தான் போட்டிருக்கா. நீங்க என்னிக்காவது என்னைப் பாத்திருக்கீங்களா?"

"பாடம் நடத்துறது மாடல் வேலை இல்ல. அடுத்த வாரத்துலேர்ந்து வரவேண்டாம்."

எட்டுப் பேர் இருந்தோம். எட்டுப் பேரும் தரையைப் பார்த்தோம். ஜூனில் தேர்வுக் குழு வரும், தேற வேண்டுமானால் வாத்தியார் கையெழுத்து வேண்டும் என்று எனக்குப் பயம். இதை எழுதும்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. மறுவாரம் மேடையில் ஒரு பிளாஸ்டர் சிலை நின்றது. அதன் தோள்கள் கச்சிதமாகச் சமம்.

ஜூனில் தாள்களைச் சுவரில் மாட்டினோம். தான் தோளைத் திருத்திய அந்தத் தாளைத்தான் நான் மாட்ட வேண்டும் என்றார் கொப்பன்ஸ். மாட்டினேன். அன்று ஊர்க்காரர்கள் யாரும் வந்து பார்க்கலாம். லுட்கார்டும் வந்தாள், தபால் இலாகாவின் பழைய மழைக்கோட்டோடு. என் தாளின் முன் நின்றாள்.

"இது யாரு?"

உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், குழுவினரோடு பேசிக்கொண்டிருந்த கொப்பன்ஸ் தலையைக்கூடத் திருப்பாமல் பதில் சொன்னார்.

"அதுவா? மாடல்."

அவ்வளவுதான். மூன்று மாதமாக விழுங்கி வைத்திருந்தது கைக்கு வந்துவிட்டது. கரித்துண்டை எடுத்து, குழு பார்க்கப் பார்க்க, அவர் போட்ட தோளைக் குறுக்கே அடித்தேன்.

"கிரீட்! என்ன திமிர் இது? இந்த வருசம் போச்சு உனக்கு!"

"போகட்டும் சார். இது லுட்கார்ட். ஒன்பது வருசம் உங்க கண்ணு முன்னாடி நின்னவங்க."

தோளைக் கீழே இழுத்தேன். பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"இன்னும் ஒரு விரக்கடை எறக்கு."