கம்பத்து லைன்

"கம்பத்துல லைன் வந்துருச்சு" என்று என் கணவர் வாசலில் நின்று சொன்னபோது, நான் அரிசி களைந்த ஈரக்கையோடு வெளியே ஓடி விளக்குக் கம்பத்தை அண்ணாந்து பார்த்தேன். அங்கே இரண்டு மைனாக்கள்தான் உட்கார்ந்திருந்தன. எங்கள் மலாக்காத் தமிழில் இது ஒரு தொல்லை. தூணும் கம்பம்தான், கிராமமும் கம்பம்தான். அவர் சொன்னது, மேட்டுக்கு அந்தப் பக்கம் தெமுவான் பூர்வகுடி மக்கள் இருக்கும் கம்பத்தை. அவர்களுக்கு இண்டர்நெட் வந்துவிட்டது, எங்களுக்கு வரவில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைப்பானேன்.

நியாலாஸ் டவுனிலிருந்து உள்ளே தள்ளி, பழைய ரப்பர் தோட்டத்தின் மிச்சமாக நாங்கள் ஏழு வீடுகள் இருக்கிறோம். நான் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் போனைக் கூரைமேல் ஏற்றினாலும் லைன் கிடைக்காது. அதனால் தினமும் சாயங்காலம் காரை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய், பெட்ரோல் நிலையத்தின் ஓரமாக நிறுத்தி, பின்சீட்டில் உட்கார்ந்து உயிர்மெய் எழுத்து நடத்துவேன். மழை பிடித்தால் என் குரல் பிள்ளைகளுக்குக் கேட்காது, அவர்கள் குரல் எனக்குக் கேட்காது. இப்படியே ஓட்ட முடியாது என்று, மாதக் கடைசியில் ரெம்பியாவில் ஒரு வாடகை வீட்டுக்குப் போவதாக முடிவு செய்திருந்தோம். எனக்குப் போக மனமே இல்லை. நான் பிறந்த வீடும் புகுந்த வீடும் இந்த வீடு ஒன்றுதான். என் கணவர் வீட்டோடு மாப்பிள்ளை.

அவர்களுக்கு எப்படி லைன் வந்தது என்று விசாரித்தேன். யாரும் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை. அந்தக் கம்பத்துக் குழுவின் தலைவி என் வயதுக்காரர். மலாக்கா பக்கம் எலக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். கம்பம் சின்னது, வீடுகள் போதாது என்று டெலிகாம் ஆபீஸில் முதலில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவர் போனைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக நடந்து, எங்கே எத்தனை சிக்னல் கோடு ஏறுகிறது என்று குறித்து, வரைபடம் போட்டு எடுத்துக்கொண்டு, மறுபடியும் மறுபடியும் போய் நின்றிருக்கிறார். கடைசியில் அவர்களுடைய பொதுக்கூடம் வரை கேபிள் வந்தது. அங்கிருந்து வீடுகளுக்கு இழுத்ததும், அறுந்தால் ஒட்டுவதும் கம்பத்து ஆட்களே. வேலை கற்றுக்கொண்டவர்களில் பாதிப்பேர் பெண்கள்.

"போய்க் கேப்போம்லா" என்றார் என் கணவர். எங்கள் ஏழு வீட்டுக் கோயிலுக்கு அவர் தலைவர். தலைவர் என்றால் மாலை இல்லாமல் எங்கேயும் போகமாட்டார். மாலை, பொன்னாடை, ஒரு தட்டு ஆரஞ்சு, மலாயில் மனப்பாடம் செய்த ஒரு மேடைப்பேச்சு, இவ்வளவோடு கிளம்பினோம்.

அந்தப் பெண்மணி ஏணியின் உச்சியில் இடுக்கியோடு நின்றிருந்தார். என் கணவர் கீழே நின்றபடியே பேச்சைத் தொடங்கிவிட்டார்.

"மாலை எதுக்கு?" என்று மேலிருந்து மலாயில் கேட்டார் அவர்.

"மரியாதைக்குத்தான், கக்காக்" என்றார் இவர். கக்காக் என்றால் மலாயில் அக்கா.

"நான் என்ன எம்.பி.யா? அதைக் கீழ வச்சிட்டு இந்த ஏணியைப் பிடிங்க."

கோயில் தலைவர் ஏணியைப் பிடித்தார். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வேலை முடித்து இறங்கிய கக்காக், நாங்கள் வந்த விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். "நான் ஒருத்தி சரின்னு சொல்ல முடியாது. சனிக்கிழமை எல்லாரும் உட்காருவோம். வந்து கேளுங்க. ஆனா யாருக்கு லைன் வேணுமோ அவங்கதான் பேசணும்" என்று என்னைப் பார்த்தார்.

சனிக்கிழமை கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்து கார் கதையைச் சொன்னேன், வீட்டை விட்டுப் போகவேண்டியிருப்பதையும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். என் கணவர் வயதிருக்கும், மீன்பிடிக்கிறவர்.

"உங்க வீட்டுப் பின்னால முள்வேலி நிக்குது. அது மறிக்கிறது எங்க ஆத்துப் பாதையை. வேலி போட்ட நாள்லேர்ந்து நாங்க சுத்திக்கிட்டுத்தான் போறோம். அப்போ எங்களை யாரும் கேக்கல. இப்போ எங்க லைன் மட்டும் வேணுமா?"

தோட்டத்து நிர்வாகம் போட்ட வேலி, எங்களுக்கு என்ன தெரியும் என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் இல்லை. ஆனால் அந்தச் சபையில் அவ்வளவு நேராகக் கேட்ட மனிதரிடம் அப்படி நழுவ எனக்கு வெட்கமாக இருந்தது.

"அந்தக் கம்பியைக் கட்டினது எங்க அப்பா" என்றேன். "தோட்டத்துல அவருக்கு வேலி வேலை. நான் சின்னப் பிள்ளையா பக்கத்துல நின்னு ஆணி எடுத்துக் குடுத்தேன்."

என் கணவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். கெட்டது காரியம் என்றுதான் நானும் நினைத்தேன்.

அந்த மனிதர் இரண்டடி முன்னால் வந்தார். "உங்க அப்பாவா? நல்ல வேலைக்காரருலா. நானும் எத்தனையோ தடவை பிரிக்கப் பார்த்தேன், முடியலையே!" என்றார். முதலில் கக்காக் சிரித்தார், பிறகு கூடமே சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஓட்டு எடுக்கவில்லை. கடைசி ஆள் பேசி முடிக்கும்வரை கக்காக் காத்திருந்தார். முடிவு இதுதான்: கேபிள் ஆற்றுப் பாதை வழியாக வரும். அதற்கு முன் பாதை திறக்க வேண்டும். தோட்டம் எப்போதோ மூடியாகிவிட்டது, எங்கள் வீட்டுப் பின்புறம் எங்கள் பெயருக்கே வந்துவிட்டது. வேலியைப் பற்றித்தான் நாங்கள் ஒருநாளும் யோசித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏழு வீடும் கத்தியும் இடுக்கியுமாக வந்தது. என் பங்குக்கு மூன்று கம்பிகளை நானே வெட்டினேன். அப்பா முறுக்கிய முறுக்கு லேசில் விடவில்லை, உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. வழி திறந்ததும் அந்த மீன்பிடிக்கிறவர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் ஆளாக ஆற்றுக்கு இறங்கினார். திரும்பி வரும்போது எங்கள் அடுப்படிப் படியில் உட்கார்ந்து கோப்பி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, இரண்டு கெளுத்தி மீனை வைத்துவிட்டுப் போனார். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அந்தக் கம்பத்திலிருந்து ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

புதன்கிழமை கேபிள் வந்தது. அடுப்படியில் நின்றபடியே ரெம்பியா வீட்டுக்காரருக்கு அழைத்து, நாங்கள் வரவில்லை என்றேன்.

"ஏன்மா, என்ன ஆச்சு?" என்றார் அவர்.

"பக்கத்து வீட்டுக்காரங்க விடமாட்டேங்கிறாங்க" என்றேன்.