ஆறாத வால்வுக்குச் சந்தனப் பொட்டு

மெட்டுகுடாவில் எங்கள் சந்தின் கடைசி வீட்டு ஆன்ட்டி ரயில்வே ரிசர்வேஷன் கவுண்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பார் என்று சொன்னால் புதிதாக வருகிறவர்கள் நம்ப மாட்டார்கள். உடம்பில் நூல் புடவை, காலில் ரப்பர் செருப்பு, கையில் கறிவேப்பிலைக் கட்டு என்று போகிறவரைப் பார்த்தால் யாருக்குத்தான் தோன்றும்? ஆனால் ரயில்வே இன்ஸ்டிடியூட் கிளப்பில் சனிக்கிழமை நடனம் நடந்த காலத்தில் பேண்டில் கிட்டார் அவர்தான். கவுண்டரை மூடிவிட்டு நேரே மேடைக்கு வந்துவிடுவாராம்.

அந்தக் காலத்து ஆம்ப்ளிஃபையர் ஒன்று அவர் வீட்டுக் கட்டிலுக்கடியில் கிடந்தது. பழைய ரேடியோவில் இருப்பது போலக் கண்ணாடி வால்வு போட்ட பெட்டி. பிள்ளை கனடாவுக்கு வந்துவிடச் சொல்லிவிட்டான், வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று ஆனபோது என்னைக் கூப்பிட்டு அதைக் காட்டினார்.

"நீ கரன்ட் சம்பந்தமாத்தானே ஏதோ பண்றே? இதை ரெடி பண்ணிக் குடு தம்பி. போறதுக்கு முன்னாடி சர்ச் ஹால்ல ஒரு சாயங்காலம் வாசிக்கணும். பேண்ட்ல மிச்சம் இருக்கறவங்க வருவாங்க. அந்த ஒரு சாயங்காலம் எனக்கு. அப்புறம் உனக்கே. ஃப்ளைட்ல இதைத் தூக்கிட்டா போவேன்?"

நான் வேலை பார்ப்பது பாதுகாப்புத் துறை நிறுவனம் ஒன்றின் பவர் சப்ளை பிரிவில். ஆகவே 'ஏதோ பண்றே' என்றது கொஞ்சம் சுருக்கென்றது. ஆனால் 'உனக்கே' என்ற சொல் அதையெல்லாம் துடைத்துவிட்டது. கல்லூரி விடுதியில் வாங்கிய ஒரு மலிவு எலெக்ட்ரிக் கிட்டாரையும் அங்கே கற்ற மூன்று கார்டுகளையும் வைத்துக்கொண்டு இத்தனை வருடம் காலம் தள்ளியவன் நான். அன்றைக்கே பெட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன்.

உள்ளே பல்லி முட்டை, ஒட்டடை, எலி கடித்த வயர். கண்டென்சர்கள் எல்லாம் உப்பி ஒழுகியிருந்தன. அவற்றை மாற்றினேன். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில் இருந்த கிழிசலை மெல்லிய தாளும் பசையும் வைத்து ஒட்டினேன். குமிழ்களைத் திருப்பினால் வந்த கரகரப்பைச் சுத்தம் செய்தேன். பழைய இரட்டை வயரை எடுத்துவிட்டு எர்த்தோடு மூன்று பின் பிளக் போட்டேன். நேரடியாகக் கரன்ட் கொடுக்காமல், நடுவில் ஒரு குண்டு பல்பைச் சேர்த்துக் கொடுத்தேன். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், பெட்டி தப்பிக்கும். பல்பு மங்கலாகவே எரிந்தது. சிறிய வால்வுகள் இரண்டும், கடைசியில் இருந்த ஒரே பெரிய வால்வும் மெல்லச் சிவந்தன. என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள்.

சத்தத்தைப் பற்றி என்ன சொல்ல? மெதுவாக மீட்டினால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். அழுத்தி மீட்டினால் லேசாக உறுமும். என் தப்புகளைக்கூட அது கொஞ்சம் மரியாதையோடுதான் வெளியே சொன்னது. ஆபீஸ் விட்டு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவேன்.

பெட்டி சரியான அன்றே ஆன்ட்டியிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கிறது என்று சொன்னேன். பாக்கி ஒன்றும் இல்லை. எனக்கு விட மனசில்லை, அவ்வளவுதான். அவரும் அவசரப்படுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குத் தயாராக இருந்தால் போதும், சர்ச்சில் சொல்லியாகிவிட்டது, எல்லோருக்கும் பிரியாணியும் ஏற்பாடு செய்தாயிற்று என்றார்.

அந்த ஞாயிற்றுக்கு முன்னால் ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அன்றைக்குக் கார், லேப்டாப், மிக்ஸி, என் ஸ்க்ரூடிரைவர்கள் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. பூஜையில் வைத்த பொருளை மறுநாள்வரை தொடக்கூடாது. அதனாலேயே நான் காலையிலிருந்து ஆம்ப்பை விடாமல் வாசித்துக்கொண்டிருந்தேன். "பூஜைக்கு நேரமாச்சு, அணைங்களேன், கொஞ்சமாவது வெவஸ்தை வேணாமா?" என்று மனைவி கத்திய பிறகுதான் அணைத்தேன்.

அணைத்த கையோடு சந்தனக் கிண்ணத்தை எடுத்தேன். பெட்டியின் முகப்பில் ஒரு பொட்டு. குமிழ்களுக்கு ஒவ்வொன்று. காருக்கு வைக்கும்போது முன்விளக்கை விடுவோமா? பின்பக்கம் திறந்துதான் இருந்தது. பெரிய வால்வின் தலையில் ஈரச் சந்தனத்தை வைத்தேன். விரல் சுட்டது. 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். கண்ணாடியில் மயிரிழை போல ஒரு கீறல் ஓடியது. உள்பக்கம் வெள்ளி பூசியதுபோல் மின்னிக்கொண்டிருந்த உச்சி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பால் போல வெளுத்துவிட்டது. உள்ளே காற்று புகுந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். கொதிக்கிற கண்ணாடியில் குளிர்ந்த ஈரம் பட்டால் என்ன ஆகும் என்று ஸ்கூல் பிள்ளைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆபீஸில் பிறருக்கு வகுப்பெடுக்கிறவன் நான்.

சுண்டல் வாங்கிப் போக ஆன்ட்டி வந்தபோது நான் இன்னும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் பெட்டியைப் பார்த்தார். சந்தனத்தைப் பார்த்தார். ஜெபமாலை உருட்டுகிறவர் ஆயிற்றே, கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன். அவர் சிரித்தார்.

"எல்லாம் வெச்சாச்சு. பூசணிக்காய் ஒடைக்கலையா?"

சொந்த வண்டிக்கும் சொந்தக் கடைக்கும்தான் பூசணிக்காய் உடைப்பார்கள். அவர் என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. காது மடல் சூடானது. சுண்டல் கிண்ணத்தோடு நின்ற என் மனைவிக்கும் புரிந்தது. அவள் என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டே வால்வு உடைந்ததைச் சொன்னேன். எப்படி உடைந்தது என்பதையும் சொன்னேன்.

அவர் குனிந்து அந்த வால்வைப் பார்த்தார். பிறகு, "ஒரு சாயங்காலம்தானே தம்பி கேட்டேன்" என்றார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது.

தசரா முடிந்த மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கோட்டியில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் சந்துகளில் அலைந்தேன். ஒரு கடைக்காரர் நான் கொண்டுபோன உடைந்த வால்வை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "யே கைக்கு ஹோனா சாப்?" என்று கேட்டார். இந்த ஊர் உருதுவில், இது உங்களுக்கு எதற்கு என்று அர்த்தம். வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும், ஞாயிற்றுக்குள் நடக்காது என்று எல்லாக் கடைகளிலும் ஒரே பேச்சு. ஆர்டர் செய்துவிட்டு வந்தேன். அமீர்பேட் விடுதிகளில் கிட்டார் வைத்திருக்கும் பையன்கள் உண்டு, யாரிடமாவது வேறு ஆம்ப் வாங்கி வருகிறேன் என்று ஆன்ட்டியிடம் சொன்னேன்.

"நக்கோ, நக்கோ, வேணாம். வேற ஒண்ணுல வாசிக்கறதுக்கு ரேடியோவைப் போட்டுட்டு உக்காந்துடலாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் அவர் ஆம்ப் இல்லாமலே வாசித்தார். எலெக்ட்ரிக் கிட்டாரை அப்படி வாசித்தால் கொசு ரீங்காரம் அளவுக்குத்தான் கேட்கும். யாரோ எழுந்துபோய் ஃபேன்களை அணைத்தார்கள். எல்லோரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு, மூச்சை அடக்கிக் கேட்டார்கள். ஒருகாலத்தில் டிரம்ஸ் வாசித்தவர் தொடையில் விரலால் தாளம் போட்டார். நான் கடைசி வரிசையில் இருந்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. முன்னால் போய் உட்கார எனக்கு என்ன யோக்கியதை? பிரியாணியை மறுக்கவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் கிட்டாரையும் கொண்டுவந்து என் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். சொன்னால் சொன்னதுதானாம். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அவர் போன பிறகு வால்வு வந்தது. மாட்டினேன். பெட்டி முன்னைவிட நன்றாகவே பாடியது. இதில்தான் என் மேல் எனக்கே அருவருப்பு. வாசிக்கும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அணைத்த பிறகுதான் அந்த ஹால் ஞாபகம் வருகிறது. அணைக்காமலே இருந்துவிடலாம் என்றுகூடத் தோன்றும்.

ஒரு ஞாயிறு துணிந்து ஆன்ட்டிக்கு வீடியோ கால் போட்டேன். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சின்னதாகத் தெரிந்தார். போனை அலமாரியில் சாய்த்து வைத்து, பெட்டியின் பின்பக்கத்தை ஒட்டி உட்கார்ந்து, எனக்குத் தெரிந்ததை முழுக்க வாசித்தேன். ஒரு சாயங்காலத்தின் கடனில் ஒரு துளியாவது கழியட்டும் என்ற எண்ணம். அவர் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும், "நல்லாருக்கு. அப்படியே இருக்கு" என்றார்.

கால் முடிந்ததும் என் மகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். நாங்கள் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறவள், அன்றைக்கு எனக்காகத் தமிழுக்கு இறங்கி வந்தாள்.

"அப்பா, கால்ல மியூசிக் போகாது. வெறும் நாய்ஸ், இரைச்சல்னு நெனச்சு அந்த ஆப்பே கட் பண்ணிடும். வேணும்னா ட்ரை பண்ணிப் பாரு."

என் மனைவியின் போனை அவள் கையில் கொடுத்து மொட்டைமாடிக்கு அனுப்பி, அதற்கு வீடியோ கால் போட்டு வாசித்துப் பார்த்தேன். மகள் இறங்கி வந்து உதட்டைப் பிதுக்கினாள். கர்ர் கர்ர் என்று இரண்டு துண்டுச் சத்தம், அவ்வளவுதானாம். அப்படியானால் அந்த மனுஷி என்னைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்லியிருக்கிறார். எனக்கு இன்னும் கூசியது.

அடுத்த ஞாயிறு அவரே கூப்பிட்டார். "என்ன, ஆம்ப்பைப் போடலையா?" என்றார். போட்டேன். கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"போன வாரம் நான் வாசிச்சது உங்களுக்குக் கேட்டுதா ஆன்ட்டி?"

"இல்லையே."

"நல்லாருக்குன்னீங்களே."

"நான் அந்த வெளிச்சத்தைச் சொன்னேன். பின்னாடி கண்ணாடிக்குள்ள செவப்பா எரியுதே, அதை. மேடையில லைட்டைக் கொறைச்சா எனக்கு அதுதான் தெரியும். போனை இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பு தம்பி. நீ மறைக்கறே."

திருப்பி வைத்தேன். வால்வுகள் மட்டும் தெரிகிற மாதிரி.

"இப்ப வாசிக்கட்டுமா?" என்றேன்.

"எதுக்கு?" என்றார்.

கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, அவர் போதும் என்று சொல்லும்வரை, படத்தில் விழாத மாதிரி சுவரோரமாக ஒதுங்கி நின்றேன்.